வட்டத்தின் நடுவில் ஒரு கதிரை

அந்த மஞ்சள் டீ சேர்ட் எங்கள் முகாமையாளர் சேருக்குத் தொளதொளவென்று தொங்கியது. தோளில் இருக்க வேண்டிய தையல் கையின் பாதிவரை இறங்கிக் கிடந்தது. நெஞ்சில் ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதில் ‘குடும்பம்’ மடிப்புக்குள் போய்விட, ‘நாங்கள் ஒரே’ மட்டும்தான் வாசிக்கக் கிடைத்தது. கொழும்பிலிருந்து எல்லாருடைய அளவையும் கேட்டபோது, ஸ்டோர்ஸில் வேலை செய்யும் அக்கா பழைய சீருடை அளவுகளையே அனுப்பிவிட்டார். சேரின் மனைவி உயிரோடு இருந்த காலத்து அளவு அது. விடுதியின் புல்தரையில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி அவர் நின்ற நிற்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த உடுப்புக்குள் அவரைத் தேட வேண்டியிருக்கிறது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரித்தோம். அவருக்கும் கேட்டது. அவரும் சிரித்தார்.

எங்கள் கம்பனி உழவு மெஷின், வெட்டு மெஷின், நீர்ப்பம்பி எல்லாம் விற்கிறது. விற்றதைப் பழுது பார்ப்பதும் நாங்கள்தான். மட்டக்களப்புக் கிளையில் ஒரு கைப்பிடி ஆட்கள். நான் வாடிக்கையாளர் பகுதியில் இருந்தேன், அதாவது தொலைபேசியில் ஏச்சு வாங்கும் பகுதியில். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அந்தத் தொலைபேசிக்கு வாய் ஓயாது. வயல் விளைந்து நிற்கும், மழை இருட்டிக்கொண்டு வரும், அந்த நேரம் பார்த்து மெஷின் வயல் வட்டையின் நடுவில் நின்றுவிடும். நெல்லை நம்பி இருக்கிற மனிதர் நல்ல வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. என் முகம் போகிற போக்கைப் பார்த்து, கிளை முகாமையாளரான சேர் எழும்பி வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்குவார். “ஓம் போடியார், இந்தா வாறம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு மெக்கானிக் நானாவை ஏற்றிக்கொண்டு அவரே வாகனத்தை எடுத்துப் போவார். போக வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. நானா என்று, அதாவது அண்ணன் என்று, நாங்கள் கூப்பிடுகிற அவர் ஓட்டமாவடி முஸ்லிம், கைதேர்ந்த ஆள், தனியாகவே போய்ச் செய்துவிட்டு வரக்கூடியவர். ஆனாலும் முகாமையாளரே சேற்றில் இறங்கி நின்றால் வயல் சொந்தக்காரரான போடியாருக்குக் கோபம் ஆறிவிடும் என்பது சேரின் கணக்கு. பின்னேரம் இருவரும் தொடைவரை சேற்றோடு திரும்பி வந்து, கிளைக் கந்தோர் வாசலில் குழாயைத் திறந்து ஒருவர் காலில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள்.

மனைவியின் கிரியைகள் முடிந்த மறுநாளே அவர் வேலைக்கு வந்துவிட்டார். மகள் வெளிநாட்டில். களுதாவளையில் வீடு பூட்டிக் கிடந்தது. காலையில் எங்களுக்கு முந்தி வந்து கதவைத் திறப்பவரும் அவர்தான், எல்லாரும் போன பிறகு கதவைப் பூட்டுபவரும் அவர்தான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு வேறு. உடம்பு கரைந்துகொண்டே போனது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் வேலையில் ஒரு பிழை வந்ததில்லை. அந்தக் கந்தோரும் அந்தத் தொலைபேசியும் அந்தச் சேறும்தான் அவரை உயிரோடு வைத்திருந்தன. அதை அவரிடமிருந்து எடுத்துவிட்டால் அவரிடம் வேறொன்றும் மிச்சம் இராது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

கம்பனிக்குப் புதிய நிர்வாகம் வந்தபோதுதான் இந்த ரிட்ரீட் என்ற சொல் எங்களுக்கு அறிமுகமானது. ஒவ்வொரு கிளையும் வேலையை மூடிவிட்டு, ஒரு விடுதியில் தங்கி, இளைப்பாறி, மனம்விட்டுப் பேசி வர வேண்டும். தலைவர்களின் நலம், குழுவின் நலம் என்று மின்னஞ்சலில் நீளமாக விளக்கியிருந்தார்கள். இது ட்ரிப்பா, வகுப்பா என்று நானா கேட்டார். ட்ரிப்புதான், ஆனால் இடையிடையே வகுப்பு வைப்பார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டு வரலாம் என்று சேர் சொன்னார். வட்டைகளில் வெட்டு முடிந்து கொஞ்சம் மூச்சுவிட்ட காலம் அது. வாவிக்கரையில் புதிதாகக் கட்டிய ஒரு விடுதியில் எங்களுக்கு அறைகள் போட்டிருந்தார்கள்.

இப்போது எனக்கு அந்த விடுதியின் பெயரைக் கேட்கவே பிடிப்பதில்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் மிக நன்றாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஒரு தமிழ்ப் பெண். மெல்லிய குரல். எல்லாரையும் தாங்குகிறவரைத் தாங்குவதற்கு ஆளில்லாமல் போய்விடுகிறது, அதற்காகத்தான் இந்த நாட்கள் என்று அவர் தொடங்கினார். நான் சேரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறிழுத்தோம், தோணியில் போனோம். கண்ணை மூடி வாவிக் காற்றை மட்டும் கவனியுங்கள் என்று உட்கார வைத்தபோது நானா குறட்டை விட்டு நித்திரையாகிவிட்டார். பின்னேரம் ஸ்டோர்ஸ் அக்கா, கட்டாரில் இருக்கும் மகன் தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான் என்று சொல்லி அழுதார். எத்தனையோ வருடமாக எனக்குப் பக்கத்து மேசை. ஒரே சம்பலைப் பங்கிட்டுத் தின்றிருக்கிறோம். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவர் அழுது முடித்தபோது முகம் தெளிந்திருந்தது. இப்படியான நாட்கள் மனிதருக்கு வேண்டியதுதான் என்று நான் அப்போது மனதார நினைத்தேன். அந்த நினைப்பு பிழை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மறுநாள் காலையில் கதிரைகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒன்றை வைத்தார்கள். சேரை அதில் இருக்கச் சொன்னார்கள். நாங்கள் ஒவ்வொருவராக, அவரிடம் எதைக் காண்கிறோம், அவருக்காக எதை விரும்புகிறோம் என்று சொல்ல வேண்டும். அவர் பதில் பேசக்கூடாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். தலைவருக்குத் தன் ஆட்களின் அன்பு போய்ச் சேர்வதற்கான பயிற்சி இது என்றார் பயிற்சியாளர். இங்கே பேசுவது இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கும் என்று சொல்லிவிட்டு, கையில் பேனாவோடு ஒரு ஓரமாக இருந்துகொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை முகத்துக்கு நேரே புகழ்கிற வழக்கம் இல்லை. கண்ணூறு, நாவூறு பட்டுவிடும் என்பது ஒன்று. அதைவிட, அது ஏதோ காரியம் பார்க்கிறவர் பேசுகிற பேச்சு. ‘நீங்கள் நல்ல தலைவர், உங்களால்தான் நாங்கள் இருக்கிறோம்’ என்று நானாவால் சேரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொன்னால் இரண்டு பேருக்கும் உடம்பு கூசிப் போகும். நாங்கள் ஒருவர்மேல் வைத்திருக்கிற அன்பைக் குறையாகத்தான் சொல்வோம். மெலிந்துவிட்டாய், முகம் வாடிப்போயிற்று, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, உன்னையே நீ கொல்கிறாய். வெளிநாட்டிலிருந்து கொழுகொழுவென்று வந்து இறங்குகிற பிள்ளையைப் பார்த்தும் எங்கள் தாய்மார் மெலிந்துவிட்டாய் என்றுதான் அழுவார்கள். எவ்வளவு கூடச் சொல்கிறோமோ அவ்வளவு அன்பு. கேட்கிறவருக்கும் அது விளங்கும். விளங்காத ஆளை நாங்கள் அதுவரை சந்தித்ததில்லை.

நானாதான் தொடங்கினார். “சேரு பகலைக்குத் தின்னுறல்ல. சோத்துப் பார்சல அப்பிடியே எனக்கிட்டத் தந்திருவாரு. மனுசன் எலும்பாப் போயிட்டாரு.” அதைக் கேட்டதும் அடுத்தவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாகனத்தில் ஏறினால் நித்திரையாகிவிடுகிறார் என்றார் ஸ்டோர்ஸ் அக்கா. மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு கந்தோர் முழுக்கத் தேடுகிறார் என்றார். இன்னொருவர், வருத்தத்துக்குக் குளிசை போட நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்றார். ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னோம். என் முறையும் வந்தது. வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகிறாரில்லை, கொஞ்ச நாளைக்கு எல்லாத்தையும் விட்டுப்போட்டு மகளிடம் போய் இருந்துவிட்டு வந்தால் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி என்றேன். எல்லாரும் ஓம், ஓம் என்றார்கள். நடுக் கதிரையில் சேர் தலையைக் குனிந்தபடி, அந்தப் பெரிய டீ சேர்ட்டின் விளிம்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சியாளர் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன.

பிளேன்ரீ குடிக்கிற இடைவேளையில் சேர் என் பக்கத்தில் வந்து நின்றார். வாவியைப் பார்த்தபடி சொன்னார்: “மனிசி போனதுக்குப் பிறகு, நான் சாப்பிட்டனா இல்லையா எண்டு பாக்க ஆளில்ல எண்டுதான் நினைச்சிருந்தன் மகள்.”

அவருக்கு விளங்கியிருந்தது. ஒரு சொல்கூடப் பிசகாமல் விளங்கியிருந்தது. அதன் பிறகு வந்த சில கிழமைகள் அவர் வேறு ஆளாக இருந்தார். பகலில் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டார். நானாவின் மனைவி கொடுத்துவிடுகிற மாட்டிறைச்சிக் கறி தனக்கு ஆகாது என்று தெரிந்துகொண்டே, அதன் மணத்தைப் பற்றி நானாவைச் சீண்டுவார். மகளோடு வீடியோவில் பேசும்போது எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மாலையில் அவர் எங்களுக்கு முந்தியே வீட்டுக்குப் புறப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. நாங்கள் வாசலில் நின்று கேலி செய்தோம். ரிட்ரீட் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று நானே பலரிடம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். ஆளணிப் பகுதி, அதாவது எச்.ஆர். தமிழ் பேசுகிறவர், மரியாதையான மனிதர், வரும்போது எங்களுக்குக் கேக் வாங்கி வந்தார். சேரின் அறைக்குள் என்னையும் கூப்பிட்டார்கள், பொறுப்புகளைத் தற்காலிகமாக நான் பார்க்க வேண்டும் என்பதால். எந்தப் பொறுப்பு, ஏன் தற்காலிகம் என்று அந்தக் கதவைத் திறக்கும்வரை எனக்குத் தெரியாது. அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. சேரின் சேவையைக் கம்பனி மதிக்கிறது, அதனால்தான் அவருடைய நலத்தை முன்னால் வைக்கிறது என்றார். பகல் உணவு உண்பதில்லை, பயணத்தில் உறங்கிவிடுகிறார், பொருட்களை வைத்த இடம் மறக்கிறார், மருந்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது, பொறுப்புகளிலிருந்து விலகினால் குழு நிம்மதியடையும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் எங்கள் வாயால் சொன்னதுதான். ஒன்றைக்கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை. உடனடியாக நீண்ட ஓய்வு, அதன் பிறகு வேளைக்கே ஓய்வூதிய ஏற்பாடு. முகாமையாளர்களின் நலத்தைப் பேணுவதில் எங்கள் கிளை மற்றக் கிளைகளுக்கு முன்மாதிரி என்றும் சொன்னார்.

சேர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இத ஆரு சொன்ன?”

“உங்கட ஆக்கள்தான் சேர். எல்லாரும் உங்களில அவ்வளவு அக்கறையா இருக்கிறாங்க.”

சேர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அது அப்படியில்லை, அது வேறு, அது நாங்கள் பேசுகிற முறை என்று என்னவோ சொல்லத் தொடங்கினேன். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த வட்டத்தில் கேட்ட ஒவ்வொரு வார்த்தையையும் அவர் திரும்ப எடுத்து, இந்த அதிகாரியின் குரலில் இன்னொரு முறை கேட்டுக்கொண்டிருந்தார். அது நடப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால் தடுக்க முடியவில்லை. ஒரு பையில் தன் சாமான்களைப் போட்டு, சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு, எல்லாரிடமும் போய்வாறன் என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். கேக் வெட்டாமலே கிடந்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. நானா தலைமை அலுவலகத்துக்கு அழைத்து, தான் சொன்னதெல்லாம் பொய், சேர் குதிரை மாதிரி இருக்கிறார் என்றார். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு இணையக் கூட்டத்தில் பேசினோம். பொறுமையாகக் கேட்டார்கள். பிரிவு வரும்போது மனம் இளகி இப்படி மாற்றிச் சொல்வது இயல்பு, ஆனால் நீங்கள் பயமில்லாமல் பேசியது ரிட்ரீட்டில்தான், அதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார்கள். நாங்கள் எவ்வளவு மறுத்தோமோ அவ்வளவுக்கு அது உண்மையாகிக்கொண்டே போனது. பயிற்சியாளரை நான் தேடிப் பிடித்து அழைத்தேன். வட்டத்துக்குள் பேசியது வட்டத்துக்குள்ளேயே இருக்கும் என்று சொன்னீர்களே என்று கேட்டேன். பெயர்கள் ஒன்றையும் தான் கொடுக்கவில்லை, அந்த மனிதருக்கு உதவி கிடைக்க வேண்டுமென்றுதான் எழுதினேன் என்று அவர் அழுதார். அவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

விடுமுறை நாளொன்றில் எல்லாருமாகக் களுதாவளைக்குப் போனோம். பிள்ளையார் கோயிலைத் தாண்டி, வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவே வீடு. பக்கத்து வளவில் இருக்கும் அவருடைய தங்கச்சி எங்களுக்கு ரீ போட்டுத் தந்தார். சேர் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றார், ஆனால் ஒவ்வொருவரையும் உத்தியோகப் பெயர் சொல்லி அழைத்தார். என்னை ‘மிஸ்’ என்றார். புதிய மெஷின்கள் எப்படிப் போகின்றன என்று கேட்டார். விளக்க வந்த விஷயத்தை யார் தொடங்குவது என்று தெரியாமல் நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, நானா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழக்க தோஷத்தில், மனது தாங்காமல் சொல்லிவிட்டார்: “என்ன சேர், இன்னும் மெலிஞ்சிட்டீங்களே.”

சேரின் கையில் ரீக் கோப்பை அப்படியே நின்றது. “இல்ல நானா, நான் நல்லாத்தான் இரிக்கன். அப்பிடியே எழுதிக் குடுங்க” என்றார்.

திரும்பி வரும்போது நானா வாகனத்தின் பின் ஆசனத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு வயதான ஒரு மனிதர் அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதன் பிறகும் நான் பல தரம் சேருக்கு அழைத்தேன். எடுத்தால் நலம் விசாரிப்பார், இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார். அடுத்த மாரி மழைக்குள் அவர் காலமானார். சீனி கூடிவிட்டது என்றார்கள். மரண வீட்டில் அவருடைய தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்கிறவரைப் போல, அண்ணன் எங்களைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொன்னதில்லை என்றார். “அந்தப் பிள்ளையளுக்கு நான் பாரமாப் போயிட்டன், அதுகளும் எவ்வளவு காலத்துக்குப் பொறுக்கிற எண்டுதான் சொல்லுவாரு” என்றார். நான் அவரிடம் ஒன்றையும் விளக்கவில்லை. விளக்கிக் கேட்க வேண்டிய ஆள் கூடத்தில் வெள்ளை போர்த்திக் கிடந்தார்.

இன்று அந்த அறையில் நான்தான் இருக்கிறேன். தற்காலிகம் என்று தந்தது நிரந்தரமாகிவிட்டது. வேலை நடக்கிறது. மெஷின் நின்றால் நானா தனியாகப் போய்வருகிறார். மேசையில் ஒருவர் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் வைத்திருந்தால் மற்றவர் பார்க்காததுபோல் போகிறார். ஸ்டோர்ஸ் அக்காவுக்குக் கண் வீங்கியிருந்த ஒரு காலையில், எனக்குக் கேட்க நா எழும்பியது. யார் காதில் என்னவாகப் போய் விழுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறோம். கடைசியாக வந்த கணிப்பில் மன நலத்தில் எங்கள் கிளைதான் முதலிடம் என்று பாராட்டினார்கள்.

இந்த வருட ரிட்ரீட் போன கிழமை முடிந்தது. பயிற்சியாளர் புதியவர், பயிற்சி பழையது. கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள், நடுக் கதிரையில் நான் இருந்தேன். சில மாதங்களாக எனக்கு உடம்பு சரியில்லை. வைத்தியர் இன்னும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. தாவணிபோலச் சுற்றிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குச் சட்டைகள் பெரிதாகிவிட்டன, கண்ணாடியில் என் மெலிவு எனக்கே தெரிகிறது. வட்டத்தில் நானாவின் முறை வந்தது. அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். உதடு அசைந்தது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்று என் மனம் கிடந்து தவித்தது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த வேலையையே விட்டுக் கொடுத்திருப்பேன். பயிற்சியாளரின் கையிலிருந்த பேனாவை நானா பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

“மிஸ்ஸுக்கு என்ன, நல்லா இரிக்காங்க” என்றார்.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே நீள மேசையில் இருந்தோம். நான் பாதிச் சோற்றை அப்படியே விட்டு எழும்பினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.